உள்ளே ஆறு, வெளியே பத்து

1

இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னை ஒரு மாதிரி பார்ப்பதைவிட இது மரியாதை.

ஒரு மாலை என் அண்ணி, அதாவது என் அண்ணனின் மனைவி, வேலையிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றினார். பையை மேசைமேல் வைத்தார். நேராகப் போய் ஃப்ரிட்ஜின் முன்னால் நின்று, மூடிய கதவைப் பார்த்துச் சொன்னார்:

“உள்ள இருக்கு. எனக்கும் தெரியுது, அதுக்கும் தெரியுது. கேட்டா மட்டும் அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்குது.”

அண்ணனைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்தேன். இந்த மாதிரி நேரத்தில் ஒரு கொழுந்தன் செய்யக்கூடிய நாகரிகமான காரியம், தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது. நான் பேனாவைத் தேடினேன்.

“என்ன அண்ணி, அண்ணன் ஏதாவது…”

“உங்கண்ணன் இல்லடா. கம்பைலர்.”

அவ்வளவுதான். (கம்பைலர், அண்ணி எழுதும் நிரலைப் பிழை பார்த்து இயந்திரத்துக்கு மொழிபெயர்த்துத் தரும் மென்பொருள்.) கல்லூரி இதழில் கிண்டல் கட்டுரை எழுதுகிறவன் நான். துறைத்தலைவரின் குடை, நூலகத்தில் யாரும் திறக்காத ஜன்னல், ஆண்டு விழாவில் மைக் பிடித்தவர் விடாத மைக் என்று கைவசம் இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிருந்த நேரம். கதை வீட்டுக்குள்ளேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றால் என்ன செய்வது?

2

தொடக்கங்கள். எல்லாவற்றையும் காட்டிவிடுகிறேன், ஒளித்துவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

“மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. திரையில் சிவப்பு எழுத்துகள் ரத்தம்போல்” [நிறுத்திவிட்டேன். அன்றைக்கு மழை இல்லை. எழுத்துகளும் சிவப்பு இல்லை. அண்ணியின் திரையில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.]

“மென்பொருள் என்பது மனித வாழ்வின்” [‘என்பது’ போட்டுத் தொடங்கிய வாக்கியம் எதுவும் வீடு போய்ச் சேர்ந்ததை நான் பார்த்ததில்லை.]

“அவள் பெயர்” [இங்கே எழுந்துபோய் அண்ணியிடமே கேட்டேன். “என் பேரு வேண்டாம்” என்றார். “வேற பேரு வெக்கட்டுமா?” “வேற பேரு வெச்சா அது வேற ஆளு. அப்புறம் என்னத்துக்கு என் கதையை எழுதுற?” என்றார். இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.]

ஆகவே அண்ணி அண்ணியாகவே வருவார்.

3

அண்ணி வேலை பார்க்கும் இடம் ஒரு டயர் கடையின் மாடி. மொத்தம் ஒரே கூடம், ஆறு மேசை, மூலையில் கண்ணாடி போட்ட சின்ன அறை. அந்த அறையில் இருப்பவரைத் ‘தலை’ என்று கூப்பிடுவார்கள், அவர் முன்னாலேயே. கீழே இருந்து ரப்பர் வாசனை படியேறி வந்து எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். அண்ணியின் துப்பட்டா, லேப்டாப், சாப்பாட்டு டப்பா எல்லாமே வீட்டுக்கு வரும்போது புது டயர் மாதிரி மணக்கும்.

அங்கே ஒரு வழக்கம். வேலை நிரந்தரமானவர்களுக்கு மட்டும் மாடிக் கதவின் சாவி உண்டு. சாவிவளையம், கீழ்க்கடைக்காரர் பழைய ட்யூபில் வெட்டிக்கொடுக்கும் கறுப்பு ரப்பர். சாவி இல்லாதவர்கள் முதலில் வந்துவிட்டால், சாவிக்காரர் யாராவது வரும்வரை கீழே காத்திருக்க வேண்டும். அண்ணி தினமும் முதலில் வருகிறவர். டயர் கடைக்காரர் தினமும் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போடுவார். “உக்காரும்மா, உங்க ஆளுங்க எழுந்திருக்கணும்ல” என்பார். அண்ணிக்கு அந்த ஸ்டூல்மேல் இன்றைக்கும் ஒரு தனி மரியாதை.

மகள் பிறந்ததும் விட்ட வேலை. அந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், எனக்குப் பின்னக்கணக்கு சொல்லித்தருகிறாள். திரும்ப வேலை தேடியபோது போன இடமெல்லாம் “நடுவுல இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?” என்று கேட்டார்கள். தலை மட்டும் அதைக் கேட்கவில்லை. “ஒரு வேலை தர்றேன். ரத்தவங்கிக்காரங்களோடது. அது நல்லபடியா முடிஞ்சா நீங்க எங்க ஆளு. முடியலைன்னா கைகுடுத்துப் பிரிஞ்சிடலாம்” என்றார்.

இதுதான் பணயம். சாவியா, கைகுலுக்கலா. இதைத் தவிர வேறு எதையும் இந்தக் கதையில் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

4

இனி கொஞ்சம் பாடம். தப்பிக்க வழி இல்லை, நானும் தேடினேன்.

ரத்தவங்கியில் ரத்தப் பைகளை வைக்கும் குளிர்பெட்டிகள் பல. ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி, ஒரு வயது, ஒரு குணம். அண்ணி எழுதும் மொழியில் ஒவ்வொரு வகைப் பெட்டிக்கும் ஒரு ‘ஸ்ட்ரக்ட்’ உண்டு. பல அறைகள் வைத்த அஞ்சறைப்பெட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறையில் இப்போதைய சூடு, இன்னோர் அறையில் எச்சரிக்கை எல்லை. சூடு அந்த எல்லையைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும்.

ஆனால் எல்லாப் பெட்டிகளையும் காட்டும் கண்காணிப்புத் திரையை எழுதுகிறவர் ஒவ்வொரு வகைப் பெட்டிக்கும் தனித்தனியாக எழுத முடியுமா? அதற்குத்தான் ‘இன்டர்ஃபேஸ்’.* அது ஒரு வாக்குறுதிப் பட்டியல். “சூடு சொல், மணி அடி. இந்த இரண்டும் செய்யத் தெரிந்தால் நீ எந்த வகையானாலும் எனக்குப் பெட்டிதான்.”

(* அகராதியில் ‘இடைமுகம்’ என்று இருக்கிறது. நல்ல சொல். அண்ணியின் அலுவலகத்தில் அதைச் சொன்னால், யாருக்கு முகத்தில் என்ன என்று கேட்பார்கள்.)

எங்கள் வீட்டிலும் ‘பிள்ளை’ என்று ஓர் இன்டர்ஃபேஸ் உண்டு. கூப்பிட்டால் வர வேண்டும். போட்டதைச் சாப்பிட வேண்டும். கடைக்குப் போகச் சொன்னால் முனகிக்கொண்டாவது போக வேண்டும். அண்ணனும் பிள்ளை, நானும் பிள்ளை. எனக்குள் மட்டும் ‘போன பருவத்தேர்வு மதிப்பெண்’ என்று ஓர் அறை இருக்கிறது. ஊரிலிருந்து அம்மா போன் செய்து “பிள்ளை” என்று கூப்பிடும்போது அந்த அறைக்குள் கையை விட முடியாது. நானாக ‘மதிப்பெண் சொல்’ என்று ஒரு வழி வைத்தால்தான் உண்டு. நான் வைக்கவில்லை.

அண்ணியின் தலைவலியும் இதுதான். எல்லை என்ற அறை பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியை இன்டர்ஃபேஸ் வழியாகப் பிடித்துக்கொண்டு “உன் எல்லை என்ன?” என்று நேராகக் கையை விட்டால், கம்பைலர் தடுக்கிறது: ‘எல்லை’ என்று இதில் ஒன்றும் கிடையாது.

“அக்கா, இதுக்குப் போயா” என்றான் பக்கத்து மேசைக்காரன். அவன் தட்டச்சு வேகத்துக்கு அவனை எல்லோரும் மின்னல் என்பார்கள். அண்ணியை அவன் ‘புது அக்கா’ என்பான்; அவர் வயதில் எல்லோருக்கும் மூத்தவர், வேலையில் எல்லோருக்கும் கடைசி. “இது புதுவகைப் பெட்டிதான்னு நீங்களே அடிச்சுச் சொல்லிடுங்க. நம்பிடும். அப்புறம் எந்த ரூமுக்குள்ள வேணும்னாலும் போலாம்.”

“புதுவகை இல்லைன்னா?”

“செத்துரும்.”

“எதுப்பா?”

“புரோகிராம்க்கா! நானென்ன ரத்தம் ஏத்துறவனா?”

(இதையும் என் அம்மா செய்வார். “நீ சின்னவன்தானே, எனக்குத் தெரியும், மார்க்கைச் சொல்லு.” ஒருமுறை போனை எடுத்தது அண்ணன். நாற்பதை நெருங்குகிறவர் மார்க்கைக் கேட்டதும் வெலவெலத்துப்போனார்.)

அண்ணி அடித்துச் சொல்லவில்லை. வாக்குறுதிப் பட்டியலை நீட்டினார். ‘எல்லை சொல்’ என்று ஒன்று, ‘எல்லை மாற்று’ என்று இன்னொன்று. ஒவ்வொரு வகைப் பெட்டிக்கும் அந்த இரண்டையும் உட்கார்ந்து எழுதினார். மின்னல் மூன்று வேலை முடித்த நேரத்தில் இவர் ஒன்றை முடித்தார்.

கம்பைலர் அமைதியானது. அண்ணி சந்தோஷப்பட்டார். இரண்டாவது நடந்திருக்கக் கூடாது.

5

வெள்ளிக்கிழமை சோதனை. அண்ணி திரையில் ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்தார். எல்லை பத்து டிகிரி என்று இருந்தது. ரத்தத்துக்குப் பத்து ஆகாது, ஆறுதான் எல்லை. ஆறு என்று அடித்தார். திரை ‘மாற்றப்பட்டது’ என்றது.

மூடித் திறந்தார். பத்து.

மறுபடி ஆறு. ‘மாற்றப்பட்டது.’ மூடித் திறந்தார். பத்து.

‘எல்லை மாற்று’ என்று தான் எழுதியதற்குள்ளேயே போய், “இப்ப எல்லை என்னன்னு சொல்லு” என்று ஒரு வரி சேர்த்தார். அங்கே ஆறு என்றது. வெளியே வந்து கேட்டார். பத்து என்றது. உள்ளே ஆறு, வெளியே பத்து. நடுவில் எங்கேயும் நாலு டிகிரி கொட்டிக் கிடக்கவில்லை.

மின்னல் எட்டிப் பார்த்தான். “மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?”

“பண்ணேன்.”

“என் மெஷின்ல ஓட்டிப் பாக்கலாமா?”

ஓட்டினார்கள். அங்கேயும் பத்து. மின்னலுக்கே முகம் மங்கியது.

இந்தத் தொழிலில் எந்த வரியை யார் எழுதியது என்று காட்ட ஒரு கட்டளை உண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் ‘பழி’. அண்ணி பழியை ஓட்டினார். சந்தேகப்பட்ட வரிகள் எல்லாவற்றுக்கும் நேராக அண்ணியின் பெயரே வந்தது. (யாருக்கு நன்றி சொல்வது என்று கண்டுபிடிக்கத் தனிக் கட்டளை கிடையாது. விசாரித்துவிட்டேன். அதற்கும் பழியைத்தான் ஓட்ட வேண்டுமாம்.)

மாலையில் தலை வந்து அண்ணியின் மேசையருகே நின்றார். “திங்கக்கிழமை ரத்தவங்கி மேடம் நேர்ல பாக்க வர்றாங்க. அதுக்குள்ள ஆகும்னா ஆகும்னு சொல்லுங்க. ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லுங்க. தப்பில்லை.”

தலை கெட்டவர் இல்லை. அந்த ‘தப்பில்லை’யை அவர் மனசாரத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

“ஆகும்” என்றார் அண்ணி.

[இந்த இடத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. அதில் அண்ணி கழிப்பறைக் கண்ணாடிமுன் நின்று அழுதார். இப்போது ஏன் இல்லை என்பது அடுத்த பகுதியில்.]

6

சனிக்கிழமை காலை, இதுவரை நீங்கள் படித்ததை அண்ணிக்கு மெயிலில் அனுப்பினேன். நான் எழுதுவதை முதலில் படிக்கிறவர் அவர்தான். கல்லூரியில் என் கட்டுரைகளுக்கு எல்லோரும் “செம மச்சி” என்பார்கள், படிக்காமலேயே. அண்ணி படிப்பார். படித்துவிட்டு “மூணாவது பத்தி பொய்” என்பார். மூன்றாவது பத்தி எப்போதும் பொய்தான். எப்படித்தான் கண்டுபிடிக்கிறாரோ.

சாப்பாட்டு மேசைதான் அவருக்கு எழுதுமேசை. வீட்டில் ஒரே ஒரு நல்ல மேசை உண்டு, ஜன்னல் பக்கம், இழுப்பறையோடு. நான் படிக்க இந்த வீட்டுக்கு வந்த அன்றே அதை என் அறைக்குத் தள்ளிவிட்டார்கள். தள்ளியவர் அண்ணி. நான் அதில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவர் குழம்புக் கறையைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் ரத்தவங்கியை வைத்திருந்தார்.

“டேய். இங்க வா.”

போனேன்.

“நான் எங்கடா அழுதேன்?”

“கதைக்கு வேணும் அண்ணி.”

“கதைக்கு வேணும்னா நீ அழு.”

“இல்ல, வெளிய அழாட்டியும் உள்ள அழுதிருப்பீங்கன்னு…”

“உள்ள என்ன நடந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? கேட்டியா?”

“கேட்டா சொல்லுவீங்களா?”

“கேட்டுப் பாத்திருக்கணும். பசிச்சுது. மத்தியானம் சாப்பிடல. அதுதான் உள்ள நடந்துச்சு. டப்பாவைத் தொறந்து ஆறிப்போன சோத்தைத் தின்னேன். அந்த அழுகையை எடுத்துட்டேன். இன்னும் ரெண்டு எடத்துல திருத்தியிருக்கேன், போய்ப் பாரு.”

போய்ப் பார்த்தேன். என் மேசையில், என் ஃபைலில், அண்ணி அழுதுகொண்டிருந்தார்.

“அண்ணி, இன்னும் அழுதுட்டுதான் இருக்கீங்க.”

“எடுத்துட்டேன்டா!”

“இல்லையே. நல்லா தேம்பித் தேம்பி.”

அவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார். இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவர் திரையில் அண்ணி சோறு தின்றார். என் திரையில் அண்ணி கண்ணாடிமுன் அழுதார். ஒரே அண்ணி, ஒரே வெள்ளிக்கிழமை.

“மெயில்ல வந்ததை எறக்கி அதுல திருத்தியிருக்கீங்க” என்றேன், விவரம் தெரிந்தவன் குரலில். “அது உங்ககிட்ட வந்த காப்பி. என் ஃபைல் என்கிட்டயேதான் இருக்கு. நீங்க அதுல என்ன மாத்தினாலும் இதுக்கு வராது.”

அண்ணி என் திரையைப் பார்த்தார். தன் திரையைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது.

“உள்ள கேட்டா ஆறு,” என்றார். “வெளிய கேட்டா பத்து.”

பிறகு, “அடப்பாவி.”

“நான் என்ன அண்ணி பண்ணேன்?”

“நீ இல்லடா. நான்.”

(நீங்கள் நினைப்பது புரிகிறது. கொழுந்தன் கதை எழுத, அந்தக் கதையாலேயே அண்ணியின் பிழை பிடிபட்டதாம். நம்பும்படியாகவா இருக்கிறது? நான் கட்டியிருந்தால் இதைவிட நம்பும்படியாகக் கட்டியிருப்பேன். ஒரு மழையாவது வைத்திருப்பேன்.)

7

நடந்தது இதுதான். அண்ணி எழுதிய ‘எல்லை மாற்று’, பெட்டியை வாங்கி மாற்றவில்லை. பெட்டியின் நகலை வாங்கி மாற்றிக்கொண்டிருந்தது. நகலில் ஆறு என்று பொறுப்பாக எழுதி, ‘மாற்றப்பட்டது’ என்று பொறுப்பாக அறிவித்து, வேலை முடிந்ததும் நகலைக் குப்பையில் போட்டது. அசல் பெட்டி இவ்வளவும் தெரியாமல் பத்திலேயே நின்றது. அந்த மொழி அப்படி. பொருளை நேராகக் கொடுத்தால் நகல்தான் போகும். அசலைத் தொட வேண்டுமென்றால் அது இருக்கும் முகவரியைக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு நட்சத்திரக் குறி போதும். அண்ணி விட்டது அதைத்தான். அந்தக் குறி இல்லாமலும் வாக்கியம் சரியாகவே இருந்ததால் கம்பைலருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை.

அண்ணி சாப்பாட்டு மேசைக்குத் திரும்பிப் போய் நட்சத்திரத்தைப் போட்டார். போட்டதும் கம்பைலருக்கு வாய் வந்தது. நகலை நீட்டிய ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தியது. ‘இந்தப் பெட்டி உன் பட்டியலுக்குப் பொருந்தாது. எல்லை மாற்று என்பது முகவரி கொடுப்பவர்களுக்கு மட்டும்.’ திரை நிரம்பி வழிந்தது.

“திட்டுது!” என்று கத்தினார் அண்ணி. “எல்லா எடத்துலயும் திட்டுது!”

அண்ணன் உள்ளறையிலிருந்து தலையை நீட்டினார். “நல்லதா, கெட்டதா?”

“நல்லதுங்க!”

தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். இந்தக் கதையில் அண்ணனுக்கு இவ்வளவுதான் வேடம். அவரே இது அதிகம் என்பார்.

ஒவ்வொரு திட்டாக வாங்கி, ஒவ்வோர் இடமாகத் திருத்திக்கொண்டே வந்த அண்ணி ஓரிடத்தில் நின்றார். மின்னல் எழுதிய வரி. ‘இது புதுவகைப் பெட்டிதான்’ என்று அவன் அடித்துச் சொல்லியிருந்த இடம். நேற்றுவரை அதை நம்பிக்கொண்டிருந்த கம்பைலர், இப்போது ‘இது நடக்கவே முடியாத காரியம்’ என்றது.

அண்ணி போன் போட்டார்.

“தம்பி, மணியடிக்கிற பக்கத்துல, புதுவகைதான்னு சத்தியம் பண்ணியிருக்கியே.”

“ஆமாக்கா. சும்மா அப்பத்துக்குப் போட்டேன். அப்புறம் மாத்தலாம்னு.”

“பழைய பெட்டி வந்தா?”

மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்த தட்டச்சுச் சத்தம் நின்றது.

“தம்பி?”

“செத்துரும்க்கா” என்றான் மின்னல். இந்த முறை குரலில் துள்ளல் இல்லை. “மணி அடிக்கிற நேரத்துல செத்துரும். அக்கா, அதை நான் இப்பவே வந்து…”

“வர வேண்டாம். அதையும் பட்டியல் வழியாவே கேட்டு மாத்திட்டேன். பாத்துட்டுச் சரியான்னு மட்டும் சொல்லு.”

“அக்கா.”

“என்ன?”

“ஒண்ணுமில்லக்கா. திங்கக்கிழமை டீ நான் வாங்கித் தர்றேன்.”

இங்கே ஒரு கட்டுரை வர வேண்டும். ‘முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்பவர்களுக்கு நாம் நன்றி சொல்வதே இல்லை, ‘ஆச்சு, ஆச்சு’ என்று தலையாட்டிவிட்டு நகலில் கையெழுத்துப் போட்டு அனுப்புபவர்களுக்குத்தான் மாலை போடுகிறோம், ஆகவே [நிறுத்துகிறேன். ‘ஆகவே’ வந்துவிட்டால் அடுத்தது அறிவுரை. அண்ணி இதைப் படித்தால் “மூணாவது பத்தி” என்பார்.]

8

திங்கட்கிழமை நான் அங்கே இல்லை. அண்ணி சொன்னதையும், மின்னலை வழியில் பார்த்தபோது அவன் கூட்டிச் சொன்னதையும் வைத்து எழுதுகிறேன். இந்தமுறை கேட்டுவிட்டுத்தான்.

ரத்தவங்கி மேடம் மாடியேறி வந்ததும் மூக்கைச் சுளித்தார். “டயர் கம்பெனியா?”

“கீழதாங்க. மேல நாங்க” என்றார் தலை.

மேடம் உட்கார்ந்தார். யாரையும் விளக்கவிடவில்லை. தானே ஒரு பெட்டியைத் தேர்ந்து, பத்தை ஆறாக மாற்றினார். ‘மாற்றப்பட்டது.’ மூடினார். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, நிதானமாக மாட்டிக்கொண்டு, திறந்தார். ஆறு.

“ம்” என்றார்.

பிறகு கைப்பைக்குள் கைவிட்டு, துணியில் ஐஸ் பையோடு சேர்த்துச் சுற்றிய ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பழைய குளிர்பெட்டி ஒன்றின் சூடுகாட்டும் கருவி. மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக், வயரில் ஒட்டுப்போட்ட டேப். “இதையும் மாட்டிப் பாருங்க. என் எடத்துல பாதிப் பெட்டி இந்த வயசுதான்.”

மின்னல் வயரைச் சொருகினான். முதலில் தலைகீழாகச் சொருகியதை அவனே ஒப்புக்கொண்டான். மேடம் கருவியின் நுனியை ஐஸ் பையிலிருந்து உருவித் தன் உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். சூடு ஏறியது. நாலு. ஐந்து. ஆறைத் தாண்டியதும் மணி அடித்தது. புரோகிராம் சாகவில்லை. மின்னல் மூச்சு விட்டது கீழ்க்கடைவரை கேட்டிருக்கும்.

மேடம் கருவியை விடவில்லை. மணி அடிக்க அடிக்கப் பிடித்துக்கொண்டே அண்ணியைப் பார்த்தார்.

“இதுக்கு முன்னாடி ஒண்ணு வெச்சிருந்தோம். எல்லையை மாத்தினா ‘மாத்தியாச்சு’ன்னு சொல்லும். நம்பி வீட்டுக்குப் போயிடுவேன். போனப்புறம் சந்தேகம் வரும். திரும்பி வந்து பாப்பேன். இது அப்படி இல்லல்ல?”

அண்ணிக்கு வெள்ளிக்கிழமையின் பத்து நினைவுக்கு வந்தது. வந்ததா என்று கேட்டேன், வந்தது என்றார்.

“இது மாத்தினாதாங்க சொல்லும்.”

“அப்ப வீட்டுக்குப் போனா போனதுதானா?”

“போனதுதாங்க.”

மேடம் நுனியை மறுபடி ஐஸ் பையில் செருகினார். மணி நின்றது. “நல்லாயிருப்பீங்க” என்று சொல்லிவிட்டுக் கருவியைத் துணியில் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

தலை கண்ணாடி அறையின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். “உள்ள வாங்க. பேசணும்.”

அண்ணி உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிதான் என்றாலும் அந்த நேரம் பார்த்து மேசையைவிட்டு எழுந்து பார்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

9

முடிவுகள்.

அ) தலை சாவியை நீட்டினார். அண்ணி வாங்கிக்கொண்டார். [இதில் கதை எங்கே இருக்கிறது? சாவி வாங்குவதற்கு எதற்கு ஒன்பது பகுதி?]

ஆ) தலை கையை நீட்டினார். “நல்ல வேலைங்க. ஆனா அடுத்த வேலை எதுவும் கைவசம் இல்லை.” [என் கல்லூரி இதழில் இதைத்தான் விரும்புவார்கள். சோகமாக முடிந்தால் இலக்கியம் என்று ஓர் எண்ணம்.]

இ) தலை சாவியை நீட்ட, அண்ணி “வேண்டாம், ஸ்டூல்லயே உக்காந்துக்குறேன்” என்று [இல்லை. யாராவது சொல்வார்களா அப்படி?]

நேராக அண்ணியிடமே கேட்கலாம் என்று போனேன். திங்கள் மாலை. ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

“தலை என்ன சொன்னாரு அண்ணி?”

“கதைக்கா, உனக்கா?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொல்ல நேரமெடுத்தது. “கதைக்கு.”

“அப்ப சொல்லமாட்டேன்” என்றார் அண்ணி. “கதைக்கு நீயே ஏதாவது மாத்திக்கோ. அது என்கிட்ட வரப்போறதில்ல.”

10

அன்றைக்குப் பிறகு உட்கார்ந்து யோசித்தேன். ஜன்னல் பக்க மேசையில், இழுப்பறையைத் திறந்து மூடிக்கொண்டு. அண்ணிக்கு நன்றி என்று இந்தக் கதையில் ஏற்கெனவே ஆறு இடத்தில் எழுதி எழுதி அடித்திருந்தேன். எல்லாம் இந்தத் தாளிலிருக்கும் அண்ணிக்கு. நான் செய்த நகலுக்கு. திரை ‘மாற்றப்பட்டது’ என்று சொல்கிறது. அசல் அண்ணி பக்கத்து அறையில் குழம்புக் கறையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலை. அண்ணி தலையை வாரிக்கொண்டு கிளம்பும் பரபரப்பில் இருந்தார். எங்கே கிளம்புகிறார் என்று எனக்குத் தெரியாது. அதே மாடிக்காக இருக்கலாம். வேறெங்காவது வேலை கேட்கவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே பைதான், ஒரே செருப்புதான்.

சமையலறை வாசலில் போய் நின்றேன்.

“அண்ணி.”

“என்ன?”

“அந்த மேசைக்கு. அப்புறம் மூணாவது பத்திகளுக்கு எல்லாம். தேங்க்ஸ்.”

சீப்பு அப்படியே நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உடம்பு சரியில்லையா?”

“இல்ல அண்ணி, சும்மா. நேர்ல சொல்லணும்னு.”

“ம்” என்றார். ரத்தவங்கி மேடத்திடம் கற்றிருக்க வேண்டும். சீப்பு மறுபடி ஓடியது. “நானும்தான் உனக்குச் சொல்லணும். நீ மட்டும் அன்னிக்கு என்னை அழவெக்கலைன்னா அந்த நட்சத்திரம் இன்னிக்கும் கெடைச்சிருக்காது. சரி, சரி, வாசலை அடைச்சுட்டு நிக்காத. அந்தத் தண்ணி பாட்டிலை நெரப்பிப் பையில வை. நேரமாச்சு.”

பாட்டிலை நிரப்பினேன். மேசைமேல் இருந்த பையின் ஜிப்பைத் திறந்தேன். புது டயர் வாசனை குப்பென்று அடித்தது. அதை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். முன்பே சொன்னேன், அவருடைய சாப்பாட்டு டப்பாகூட அப்படித்தான் மணக்கும்.

பாட்டிலை வைக்கப் பைக்குள் பார்க்கத்தானே வேண்டும்? பார்த்தேன்.

என்ன பார்த்தேன் என்று சொல்லப்போவதில்லை. பை அண்ணியுடையது. தெரிந்தாக வேண்டும் என்றால் அவரைக் கேளுங்கள். கதைக்கு என்று சொல்லாமல் கேட்டால் சொல்வார். அதுவரை, உங்கள் கையில் இருப்பது நகல்தான். அதிலிருக்கும் பைக்குள் நீங்கள் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், எங்கள் வீட்டுப் பைக்கு ஒன்றும் ஆகாது.

நான் ஜிப்பை மூடி, பையை இரண்டு கையாலும் எடுத்து அண்ணியிடம் கொடுத்தேன்.